மும்முறை மௌனமான வானொலி

காற்றுக்கு வேலி இல்லை என்பது நம்மிடையே வழங்கிவரும் கூற்று. வானொலி வந்த பின்பு அக்கூற்றைச் சிறிது திருத்திக்கொள்ள வேண்டியதாயிற்று. வெளியில் பரவும் வானொலி அலைகளுக்கு வேலி உண்டு. அந்த வேலிக்கு உரிமம் என்று பெயர். அவ்வுரிமத்திற்குச் சந்தையில் விலையும் உண்டு. பின்னர் இணையம் வந்தபோது, இனி வேலியும் இல்லை, விலையும் இல்லை, சொல்வதற்குச் செய்தி உடைய எவரும் உலகம் முழுவதும் கேட்கும்படி பேசலாம் என்று பலரும் மகிழ்ந்தனர். அம்மகிழ்ச்சியில் உண்மை எவ்வளவு, மயக்கம் எவ்வளவு?

இக்கேள்விக்கு விடை தேடும் நாம் ஒரு சிறிய வானொலி நிலையத்தின் வரலாற்றைப் புரட்டிப் பார்க்க விழைகிறோம். பேரரசுகளின் எழுச்சியையும் வீழ்ச்சியையும் எழுதுவதற்கு அறிஞர் பலர் உள்ளனர். சிறியவை எழுவதையும் வீழ்வதையும் யாரேனும் நின்று கவனித்தால்தான் உண்டு. ஆனால் நம்மில் பெரும்பாலோர் வாழ்வது சிறியவற்றின் நடுவில் அல்லவா?

கல்லூரி ஊரில் ஒரு குரல்

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் ஆக்ஸ்ஃபோர்டு என்றொரு சிற்றூர் உள்ளது. சின்சினாட்டி மாநகருக்கு வடமேற்கே ஏறத்தாழ 55 கிலோமீட்டர் தொலைவில் அது அமைந்துள்ளது. 1809-இல் நிறுவப்பெற்ற மயாமி பல்கலைக்கழகமே அவ்வூரின் உயிர்நாடி. மாணவர் வந்தால் ஊர் நிறையும். விடுமுறை விட்டால் ஊர் அடங்கும். அவ்வூரில் 97.7 மெகாஹெர்ட்ஸ் பண்பலையில் ஒலித்துவந்த சிறு நிலையம் ஒன்றை டக் பாலோ, லிண்டா பாலோ என்னும் தம்பதியர் 1980-களின் தொடக்கத்தில் விலைக்கு வாங்கினர். டபிள்யூ.ஓ.எக்ஸ்.ஒய். என்பது அதற்கு வாய்த்த அழைப்பெழுத்து. அவ்வெழுத்துகளைச் சேர்த்து நேயர்கள் 'வாக்ஸி' என்றனர். '97-எக்ஸ்' என்பதும் அதன் பெயராயிற்று.

1983 செப்டம்பர் 30 அன்று அந்நிலையம் தன் போக்கை முற்றிலும் மாற்றிக்கொண்டது. பெரிய நிலையங்கள் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்ற பாடல்களையே திரும்பத் திரும்ப ஒலிபரப்பிய காலம் அது. அப்பட்டியலுக்கு வெளியே நின்ற இளைஞர் குழுக்களின் ராக் இசையை வாக்ஸி முழுநேரமும் ஒலிபரப்பத் துணிந்தது. 'நவீன ராக்' என்று பின்னாளில் நாடெங்கும் பெயர்பெற்ற அவ்வகையை முழுநேரமும் ஏற்ற முதற்சில நிலையங்களுள் அதுவும் ஒன்று.

அன்று முதலாவதாக ஒலித்த பாடல் அயர்லாந்தின் யூ2 குழுவினர் பாடிய 'சண்டே ப்ளடி சண்டே'. வட அயர்லாந்தின் டெர்ரி நகரில், 1972 ஜனவரி 30 ஞாயிறன்று, குடிமை உரிமைகள் கோரி ஊர்வலம் சென்ற மக்கள்மீது ஆங்கிலேயப் படையினர் சுட்டனர். பதின்மூவர் அன்றே மாண்டனர். அப்பாடலின் பின்னணி அத்துயரமே. தன் முதற்பாடலாக இத்தகையதொன்றைத் தேர்ந்த நிலையம், நேரம் போக்குவதற்காக மட்டும் இசையை ஒலிபரப்ப வந்ததன்று என்பது விளங்கும்.

ஒரு நிலையத்தின் உண்மையான மூலதனம் அதன் அறிவிப்பாளர்களின் செவி. இன்று வந்து குவிந்த நூறு இசைத்தட்டுகளுள் எது நிலைக்கும், எது உதிரும் என்று கேட்டுப் பார்த்துத் தேர்வு செய்யும் மனிதர் அங்கே இருந்தனர். தாம் விரும்பியதை மற்றவருக்கும் அறிமுகம் செய்யும் ஆவல் அவர்களிடம் இருந்தது. ஆண்டுதோறும் மே மாத இறுதியில், போரில் மாண்டோரை நினைவுகூரும் நீண்ட விடுமுறை வாரத்தில், ஐந்நூறு பாடல்களை வரிசைப்படுத்தி ஒலிபரப்புவது அவர்களது மரபாயிற்று. அப்பட்டியலில் எது முதலிடம் பெறும் என்று நேயர்கள் வாதிடுவதும் மரபாயிற்று.

1988-இல் வெளிவந்த 'ரெயின் மேன்' திரைப்படத்தைக் கண்டவர்கள் ஒரு காட்சியை நினைவுகூரலாம். டஸ்டின் ஹாஃப்மன் ஏற்ற பாத்திரம், காரில் செல்கையில் வானொலியில் கேட்ட ஒரு நிலையத்தின் முழக்கத்தை மீண்டும் மீண்டும் சொல்லிக்கொண்டே வருகிறது. அம்முழக்கம் 97-எக்ஸ் நிலையத்தினுடையது. சிறந்த படத்திற்கான ஆஸ்கார் விருது பெற்ற அப்படம் உலகெங்கும் ஓடியது. ஆக்ஸ்ஃபோர்டு என்னும் ஊர் இருப்பதையே அறியாத கோடிக்கணக்கானோர் அவ்வூர் வானொலியின் முழக்கத்தைக் கேட்டனர். புகழ் வந்தது, ஆனால் புகழைக் கொண்டு மின்கட்டணம் செலுத்த இயலாது.

உரிமத்தின் விலை

1996-இல் அமெரிக்க நாடாளுமன்றம் புதிய தொலைத்தொடர்புச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. அதற்கு முன் ஒரே நிறுவனம் நாடு முழுவதிலும் நாற்பது வானொலி நிலையங்களுக்கு மேல் வைத்திருக்க முடியாது. புதிய சட்டம் அந்த நாடளாவிய வரம்பை அடியோடு நீக்கியது. சில ஆண்டுகளிலேயே கிளியர் சேனல் என்னும் ஒரு நிறுவனம் மட்டும் ஏறத்தாழ 1,200 நிலையங்களைத் தன்வசமாக்கியது. ஊருக்கு ஊர் வேறுபட்டிருந்த குரல்கள் ஒன்றுபோல் ஒலிக்கத் தொடங்கின. அலைவரிசைகளின் விலையோ ஏறியது.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். சிற்றூர் ஒன்றிற்கு அளிக்கப்பட்ட உரிமத்தை அரசின் அனுமதியுடன் மாநகரின் அருகே நகர்த்த முடியுமானால், அதன் மதிப்புப் பன்மடங்காகும். அந்நிலையத்தின் நிகழ்ச்சிகளுக்கும் அம்மதிப்புக்கும் தொடர்பே இல்லை. இருபது ஆண்டுகள் பாடுபட்டு வளர்த்த இசைமரபு, நேயர் நம்பிக்கை, அறிவிப்பாளர் திறமை ஆகிய எவற்றுக்கும் அந்த விலையில் இடமில்லை. விலை பேசப்படுவது வெற்று அலைவரிசைக்கே. நன்கு விளைந்த தோட்டத்தை வீட்டுமனைக்காக வாங்குகிறவர் மாமரங்களை எண்ணிப் பார்ப்பதில்லை; அதைப் போன்றதே இதுவும்.

2004-இல் அலைவரிசை 56 இலட்சம் டாலருக்கு விற்கப்பட்டது. விற்றவர்களைக் குறைகூறுவது எளிது, நியாயமன்று. இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பெரிய நிறுவனங்களின் நடுவே தனித்து நின்று நடத்தியவர்கள் அவர்கள். வாழ்நாள் முழுவதும் அதைச் சுமந்தே தீர வேண்டும் என்று எவரும் அவர்களைக் கட்டாயப்படுத்த முடியாது. 2004 மே 13 அன்று 97.7-இல் அந்தப் பழைய குரல் அடங்கியது. அதுவே முதல் மௌனம். அவ்வுரிமம் பின்னர் சின்சினாட்டியின் புறநகரான மேசனுக்குப் பெயர்ந்தது. காலப்போக்கில் அதே அலைவரிசையில் ஸ்பானிய மொழி ஒலிபரப்பு வந்தது. வேலை தேடி வந்து குடியேறிய மக்கள் அங்கே தங்கள் மொழியைக் கேட்டார்கள். ஆகவே அந்த இடமாற்றத்தில் இழப்பை மட்டுமே காண்பது முழுமையான பார்வை ஆகாது.

இணையம் திறந்த வாசல்

இதற்கு முன்னரே இணையத்தில் வானொலி பிறந்திருந்தது. 1993-இல் கார்ல் மலமூத் என்பவர் கணினிகளின் வழியே உரையாடல் நிகழ்ச்சிகளை அனுப்பத் தொடங்கினார். 1994 நவம்பர் 7 அன்று வடகரோலினாவின் சேப்பல்ஹில் நகரில் இயங்கிய மாணவர் வானொலியான டபிள்யூ.எக்ஸ்.ஒய்.சி. தன் ஒலிபரப்பை அப்படியே இணையத்திலும் செலுத்தியது. 1995-இல் ரியல்ஆடியோ என்னும் மென்பொருள் வந்தது. முழுக் கோப்பும் வந்து சேரும்வரை காத்திராமல், வரவர ஒலியைக் கேட்கும் வசதி அதனால் பரவியது. வாக்ஸியும் 1990-களின் பிற்பகுதியிலேயே தன் பண்பலை ஒலிபரப்பை இணையத்திலும் தந்துவந்தது. அலைவரிசை எட்டாத தொலைவிலிருந்தும் நேயர்கள் சேர்ந்தனர்.

எனவே அலைவரிசை போன பின்பும் ஒரு வழி மிஞ்சியிருந்தது. முதலீட்டாளர் சிலர் முன்வந்தனர். 2004 ஜூலையில், இம்முறை இணையத்தில் மட்டும், வாக்ஸி மீண்டும் பேசியது. கோபுரம் இல்லை, அரசு உரிமம் இல்லை, ஊர் எல்லை இல்லை. வேலியைத் தாண்டிவிட்டோம் என்று அவர்கள் எண்ணியதில் வியப்பில்லை. முன்பு ஒஹையோவின் ஒரு மூலைக்கு மட்டும் கேட்ட குரல் இப்போது கடல் கடந்தும் கேட்டது.

நேயர் பெருகினால் சுமை பெருகும்

ஆனால் வேலி போன இடத்தில் வேறொரு கணக்கு வந்து நின்றது. வாக்ஸியின் பின்னாளைய வரலாற்றுக்கு இக்கணக்கே திறவுகோல் என்று நாம் கருதுகிறோம்.

கோபுரத்திலிருந்து பரவும் ஒலிபரப்புக்கு நூறு பேர் செவிசாய்த்தாலும் நூறாயிரம் பேர் செவிசாய்த்தாலும் செலவு ஒன்றே. புதிதாக ஒருவர் வானொலிப் பெட்டியைத் திருப்பினால் நிலையத்திற்கு ஒரு காசும் கூடுதலாகச் செலவாவதில்லை. தெருவிளக்கைப் போன்றது அது. அதன் கீழ் எத்தனை பேர் நடந்தாலும் எண்ணெய் அதிகம் எரியாது. இணைய வானொலியோ வீடுதோறும் குழாய் போட்டு நீர் தருவது போன்றது. ஒவ்வொரு நேயருக்கும் தனித்தனியே ஒலியை அனுப்ப வேண்டும். நல்ல தரத்தில் ஒருவர் ஒரு மணி நேரம் கேட்க ஏறத்தாழ 58 மெகாபைட் அளவு தரவு செல்கிறது. ஆயிரம் பேர் கேட்டால் அது ஆயிரம் மடங்கு. அத்தனைக்கும் நிலையமே பணம் கட்ட வேண்டும்.

இது போதாதென்று உரிமைத்தொகையும் சேர்ந்தது. அமெரிக்கச் சட்டப்படி, கோபுரவழி ஒலிபரப்பும் வானொலி பாடலை இயற்றியவருக்குத் தொகை செலுத்துகிறது. பாடியவருக்கும் ஒலிப்பதிவின் உரிமையாளருக்கும் செலுத்துவதில்லை. 1995, 1998 ஆண்டுகளின் சட்டங்களால் இணைய வானொலியோ இரு தரப்பாருக்கும் செலுத்தக் கடமைப்பட்டது. 2002-இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தலைவர், தமக்குரிய சட்ட அதிகாரத்தின்படி, ஒரு பாடலை ஒரு நேயர் ஒருமுறை கேட்பதற்கு 0.07 சென்ட் என்று கட்டணம் நிர்ணயித்தார்.

மிகச் சிறிய தொகை என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு நிலையத்தை எந்நேரமும் ஆயிரம் பேர் கேட்பதாகவும், மணிக்குப் பதினைந்து பாடல் ஒலிப்பதாகவும் கொள்வோம். மணிக்கு 10 டாலர் 50 சென்ட், நாளொன்றுக்கு 252 டாலர், ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 92,000 டாலர் ஆகிறது. 2007-இல் அறிவிக்கப்பட்ட புதிய அட்டவணை இக்கட்டணத்தை ஆண்டுதோறும் உயர்த்தி, 2010-க்கு 0.19 சென்ட் என்றது. அதன்படி அதே ஆயிரம் நேயருக்கு ஆண்டுத் தொகை ஏறத்தாழ இரண்டரை இலட்சம் டாலர். 2007 ஜூன் 26 அன்று ஆயிரக்கணக்கான இணைய வானொலிகள் ஒரு நாள் மௌனம் காத்து எதிர்ப்பைத் தெரிவித்தன. வருவாயில் ஒரு பங்கை மட்டும் செலுத்தினால் போதும் என்பன போன்ற சலுகைகள் சிறு நிலையங்களுக்கு அவ்வப்போது கிடைத்தன. எனினும் அவை காலவரையறைக்கு உட்பட்ட சலுகைகளே.

பாடியவருக்குக் கூலி தர வேண்டாமா என்று கேட்டால், தரத்தான் வேண்டும். ஒருவரது உழைப்பை மற்றொருவர் இலவசமாகத் துய்ப்பதை நாம் அறம் என்று சொல்ல மாட்டோம். ஆயினும் பெரும் நிறுவனங்கள் நடத்திய கோபுர வானொலிக்கு அக்கடமை இல்லை. அறியப்படாத பாடகரைத் தேடிப்பிடித்து அறிமுகம் செய்யும் சிறு நிலையத்திற்கோ உண்டு. இந்த ஏற்றத்தாழ்வே வருத்தம் தருவது.

எஞ்சிய இரு மௌனங்கள்

பழைய வானொலிக்கு நேயர் பெருகுவது வெறும் ஆதாயம். இணைய வானொலிக்கு அது ஆதாயமும் சுமையும் ஆகும். விளம்பரம் வேகமாகப் பெருகினால் தப்பலாம். நேயர் பெருக, விளம்பரம் பின்தங்கினால் அன்பே பாரமாகிவிடும். வாக்ஸிக்கு நேர்ந்தது இதுவே. 2006 செப்டம்பரில், வரவு செலவுக்கு எட்டாத நிலையில், ஒலிபரப்பு நின்றது. அது இரண்டாம் மௌனம்.

சில வாரங்களுக்குள் லாலா என்னும் கலிபோர்னிய நிறுவனம் கைகொடுத்தது. நேயர்கள் தம்மிடமுள்ள இசைக் குறுந்தகடுகளை ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்ள உதவிய இணைய நிறுவனம் அது. அறிவிப்பாளர்கள் பணிக்குத் திரும்பினர். ஒஹையோவிலிருந்தே ஒலிபரப்புத் தொடர்ந்தது. ஆனால் தன்னைத் தாங்கும் கை எந்நேரமும் தளரலாம் என்ற அச்சமின்றி ஒரு நிலையம் வாழ்வதற்கு, அது தன் காலில் நிற்க வேண்டும். லாலாவுக்கோ வேறு திட்டங்கள் இருந்தன. 2009-இல் வாக்ஸி ஃபியூச்சர் சவுண்ட்ஸ் என்னும் நிறுவனத்தின் கைக்கு மாறி, ஏறத்தாழ ஆயிரம் மைல் தொலைவில் டெக்சாஸ் மாநிலத்தின் தலைநகரான ஆஸ்டினுக்குக் குடிபெயர்ந்தது. அதே ஆண்டு டிசம்பரில் லாலாவை ஆப்பிள் நிறுவனம் வாங்கியது. 2010 மே இறுதியில் அதன் சேவையும் மூடப்பட்டது.

ஆஸ்டின் இசைக்குப் பேர்போன நகரம். ஒவ்வோர் ஆண்டும் மார்ச் மாதத்தில் அங்கே நடைபெறும் இசை விழாவுக்கு உலகின் பல பகுதிகளிலிருந்தும் குழுக்கள் வருகின்றன. வாக்ஸிக்கு இதைவிடப் பொருத்தமான ஊர் இல்லை என்றே எவரும் சொல்லியிருப்பர். ஆனால் 2010-ஆம் ஆண்டின் விழா முடிந்த இரண்டாம் நாள், மார்ச் 23 அன்று, நிதி இல்லை என்ற காரணத்தால் ஒலிபரப்புத் திடீரென நிறுத்தப்பட்டது. மூன்றாம் மௌனத்திலிருந்து அது எழவில்லை. தாம் அதுவரை வாழ்ந்த ஊரை விட்டு, அந்நிலையத்தை நம்பி, ஆயிரம் மைல் சென்ற பணியாளர்களின் நிலையை எண்ணினால் நெஞ்சு கனக்கிறது. வரலாற்று நூல்களில் 'நிறுவனம் மூடப்பட்டது' என்று ஒரு வரியில் முடிந்துவிடும். அந்த ஒரு வரிக்குள் எத்தனை வீடுகளின் மாதச் சம்பளம் அடங்கியிருக்கிறது!

யார் சுமப்பது?

இந்த வரலாற்றில் வில்லனைத் தேடினால் நமக்கு ஏமாற்றமே மிஞ்சும். விற்ற தம்பதியர் கொடியவர் அல்லர். கட்டணம் கேட்ட இசைக்கலைஞர் பேராசைக்காரர் அல்லர். பணம் இட்ட நிறுவனங்கள் சில ஆண்டுகளேனும் அந்நிலையத்தை வாழவைத்தன. நேயர்களோ அதை உளமார நேசித்தனர். எல்லாரும் நல்லவராக இருந்தும் ஒரு நல்ல காரியம் நின்றுபோகக்கூடும் என்பதே இதில் நாம் கற்கும் கசப்பான பாடம்.

அப்படியானால் எது குறைந்தது? நேசிப்பதற்கும் சுமப்பதற்கும் இடையே ஓர் இடைவெளி இருந்தது. ஒவ்வொரு மௌனத்தின்போதும் நேயர்கள் வருந்தினர். ஆனால் அந்த வருத்தம் நிலையான, ஒழுங்கான, சிறுகச்சிறுக வந்துசேரும் ஆதரவாகப் போதிய அளவில் உருப்பெறவில்லை. இலவசமாகக் கிடைப்பதற்கும் யாரோ ஒருவர் விலை கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார் என்பதை, அவர் கைவிடும் நாள்வரை நாம் உணர்வதில்லை. சிற்றிதழ் நடத்துவோர், ஊர் நூலகம் நடத்துவோர், மாலைநேர இலவச வகுப்பு நடத்துவோர் எவரைக் கேட்டாலும் இதையே சொல்வர். பாராட்டுக் கடிதம் தவறாமல் வருகிறது, சந்தாதான் வருவதில்லை.

வாக்ஸி அடங்கிய மறு ஆண்டே, 2011 ஜூலையில், ஸ்பாடிஃபை அமெரிக்காவில் கால்வைத்தது. எவர் எதைக் கேட்க வேண்டும் என்பதைக் கணினியின் கணக்கீடு முடிவுசெய்யும் காலம் விரைந்து வந்தது. சிறு நிலையங்களுக்கான சலுகை 2015 இறுதியில் முடிவுற்றபோது, ஆயிரக்கணக்கான சிறு வானொலிகளுக்கு இடமளித்த லைவ்365 நிறுவனம் 2016 ஜனவரியில் நின்றது. அடுத்த ஆண்டு வேறு கைகளில் அது மீண்டது. இன்று நம் கைப்பேசியில் கோடிக்கணக்கான பாடல்கள் உள்ளன. ஆனால் "இதைக் கேட்டுப் பாருங்கள், எனக்குப் பிடித்திருக்கிறது" என்று தன் பெயரைச் சொல்லிப் பொறுப்பேற்கும் ஒரு மனிதக் குரல் அரிதாகிவிட்டது. கணினி நாம் முன்பு விரும்பியதைப் போன்ற மற்றொன்றைத் தருகிறது. நல்ல அறிவிப்பாளரோ, நாம் விரும்பக்கூடும் என்று நமக்கே தெரியாத ஒன்றைத் தருவார்.

2023-இல் ராபின் ஜேம்ஸ் என்னும் அறிஞர் இந்நிலையத்தைப் பற்றித் தனி நூலொன்றை எழுதி வெளியிட்டார். நின்று பதின்மூன்று ஆண்டு ஆன ஒரு சிற்றூர் வானொலிக்குப் பல்கலைக்கழகப் பதிப்பகம் ஒன்று நூல் வெளியிடுகிறது என்றால், அங்கே விதைத்தது முற்றும் வீண்போகவில்லை என்றே பொருள். ஆயினும் வாழும்போது தோள்கொடுப்பது, மறைந்தபின் நூல் எழுதுவதைவிட மேலானது.

ஆகவே அன்பர்களே, உங்கள் வாழ்வைச் சத்தமின்றி வளப்படுத்தும் சிறிய ஒன்று உங்கள் அருகிலும் இருக்கும். அது நடப்பதற்கு யார் விலை கொடுக்கிறார் என்று இன்று ஒருமுறை விசாரித்துப் பாருங்கள். விடை தெரிந்த பின், அந்தச் சுமையில் ஒரு கைப்பிடி அளவேனும் வாங்கிக்கொள்ளுங்கள். மௌனம் வந்த பிறகு வருந்துவோர் பலர். மௌனம் வராமல் காப்போர் சிலரே. அச்சிலருள் நாமும் ஒருவராவோம்.